யாரை வினவுவது? - பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்து நூலாக்கமும் பயன்படுத்துவோர் கருத்தறிதலும்

ஒரு பொருளை ஆக்குவோர் அதனைப் பயன்படுத்தப்போவோரின் கருத்தை எப்பொழுது, எவ்வளவு, எவரிடம் அறிதல் வேண்டும் என்னும் வினா, கணினி மென்பொருள் ஆக்கத் துறையிற் கடந்த சில தசாப்தங்களாகப் பெரிதும் ஆராயப்பட்டு வருகின்றது. வாரந்தோறும் தம் ஆக்கத்தை மாற்றிப் புதுக்கும் சிறு குழுக்களுக்கு, ஆண்டுக்கணக்கில் நீளும் விரிவான ஆய்வுகள் பயன்படமாட்டா. ஆய்வு முடிவு கைக்கு எட்டும்போது ஆய்வு செய்யப்பட்ட பொருளே மாறிவிட்டிருக்கும். எனவே முற்றுப்பெறாத வரைவொன்றைச் சிலரிடம் கொடுத்து, அவர் எங்கே இடறுகின்றனர் என அருகிருந்து நோக்கி, உடனே திருத்தி, மீண்டும் சிலரிடம் கொடுக்கும் முறை அங்கு வேரூன்றிற்று. ஜேக்கப் நீல்சன் 1989ஆம் ஆண்டிலேயே செலவு குறைந்த இத்தகைய சோதனைகளை வற்புறுத்தினார். 1993இல் லாண்டவர் என்பாருடன் சேர்ந்து அதற்குக் கணித அடிப்படை ஒன்றையும் வகுத்தார். ஐவரைக் கொண்டு சோதித்தாலே குறைபாடுகளுள் மிகப் பெரும்பாலானவை புலப்பட்டுவிடும் என 2000ஆம் ஆண்டில் அவர் எழுதியது அத்துறையினரிடையே ஏறத்தாழச் சூத்திரமாகவே வழங்கிவருகின்றது. ஜெவ் கொதெல்வ், ஜொஷ் சைடன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட நூல் இப்போக்கிற்கு ஒரு பெயரும் அளித்தது.

ஐவர் போதும் என்பதில் எண்ணிக்கை மட்டுமே பேசப்படுகின்றது. அந்த ஐவர் யாவர் என்பதே கடினமான வினாவாகும். இவ்வினாவை விளங்கிக்கொள்வதற்குக் கணினியைத்தான் நாடவேண்டும் என்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்தில், ஒருவரையொருவர் தொடர்ந்து நிகழ்ந்த இரு நூலாக்க முயற்சிகள் இதற்குத் தக்க சான்றாக உள்ளன. ஒன்று பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தலைமையில் நிகழ்ந்த விவிலிய மொழிபெயர்ப்பு. மற்றையது மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நடத்திய மருத்துவ நூலாக்கம். முன்னதிற் பேர்சிவலுக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் பின்னதை நடத்திய கிறீனும் 1822ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிற் பிறந்தவர்கள் என்பது ஒரு தற்செயலேயாயினும் சுவையானது.

பேர்சிவலின் மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. அதற்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயரே 'பரீட்சார்த்தப் பதிப்பு' எனப் பொருள்படுவதாகும். அதாவது, இது முடிந்த முடிபன்று, மக்கள் வாசித்துக் கருத்துரைக்கட்டும் என்னும் நோக்கம் பெயரிலேயே அமைந்திருந்தது. இன்றைய மென்பொருளாளர் முதல் வரைவை வெளியிடும் மனப்பாங்கிற்கும் இதற்கும் ஒப்புமை காண்பது மிகையாகாது. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உளது. பரீட்சைக்கென வெளிவந்தது ஒரு சிறு பகுதியன்று. பல்லாண்டு உழைப்பில் முழுமையாக்கப்பட்டு, முழுமையாக அச்சுக் கோக்கப்பட்ட பெருநூல் அது. வினா எழுப்பப்பட்டபோது விடைக்கேற்ப மாறும் நிலையில் அந்நூல் இருக்கவில்லை.

அச்சேறுமுன் அது சோதிக்கப்படவே இல்லை என்றும் கூறுதற்கில்லை. 1848இல் பேர்சிவலுடன் நாவலரும் சென்னை சென்றார். அங்கு அந்நடையின் செம்மை குறித்து ஐயம் எழ, மழவை மகாலிங்கையரிடம் அது காட்டப்பட்டதென்றும், அவர் அதனைப் பெரிதும் பாராட்டினாரென்றும் நாவலர் சரிதம் எழுதியோர் கூறுவர். நாவலரின் புலமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். அது தகும். ஆனாற் பயன்படுத்துவோர் நோக்கிற் கருதின், இந்நிகழ்ச்சி வேறொன்றையும் உணர்த்துகின்றது. நூலைச் சோதித்தவர் ஓர் இலக்கணப் பேராசான். அவரோ அந்நூலைத் தினந்தோறும் கையிலேந்தி ஓதப்போகின்றவர் அல்லர். ஓதப்போகின்றவர்கள் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் சென்னையிலும் இருந்த சபையார். அவர்களுடைய செவியில் ஊறியிருந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் ஆக்கிய மொழிபெயர்ப்பு. செபத்திலும் ஞானப்பாட்டிலும் மரணப் படுக்கையிலும் கேட்டுப் பழகிய வாசகங்களைப் புதிய நூல் மாற்றியிருந்தது. மொழிச் செம்மையில் அது மேம்பட்டதா என்பது அவர்களது வினாவே அன்று. தமிழகத்துச் சபைகள் அதனை ஏற்க மறுத்தன.

பின்னர் ஹென்றி பவர் தலைமையில், பல மிஷன்களின் பிரதிநிதிகளைக் கொண்ட குழுவொன்று, பப்ரிசியுஸின் நூலையே அடித்தளமாகக் கொண்டு திருத்தத் தொடங்கி, 1871இல் ஒன்றுபட்ட பதிப்பை நிறைவுசெய்தது. ஆயினும் பப்ரிசியுஸ் ஆண்ட 'பராபரன்' என்னுஞ் சொல்லைக் கைவிட்டுத் 'தேவன்' என்பதை இப்பதிப்பு கொண்டது. லூத்தரன் சபையாரோ தம் பழைய நூலையே பற்றிநின்றனர். இத்துணை விரிவாகக் கருத்துக் கேட்டும் எல்லாரையும் இணைத்தல் இயலவில்லை.

இனி மானிப்பாயை நோக்குவோம். கிறீன் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரிற் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். 1848இலேயே மாணவர் சிலருக்கு ஆங்கிலத்தில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலங் கற்றவர் அரச உத்தியோகத்தை நாடிக் கிராமத்தை விட்டுப் போவதும், கிராமத்து நோயாளி முன்போலவே கைவிடப்படுவதும் அவரைச் சிந்திக்க வைத்தன. 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டவர், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இவ்விரு காலத்திலும் அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் முப்பத்துமூவர் தமிழ்வழிக் கற்றவர்.

பாடநூலின்றிக் கற்பித்தல் எவ்வாறு? கட்டர் எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூலும், மோன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூலும் 1850களிலேயே தமிழாக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றின் காலவரிசை கருத்திற் கொள்ளத்தக்கது. துருவிற்றின் 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. கிறேயின் உடலமைப்பு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், ஹூப்பரின் நூல் 'வைத்தியாகரம்' எனவும் 1872இல் வந்தன. வெல்சின் இரசாயன நூல் 'கெமிஸ்தம்' என 1875இலும், டோல்ற்றனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இலும் வெளிவந்தன. எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். வகுப்புத் தொடங்கிய ஆண்டையும் நூல்கள் அச்சேறிய ஆண்டுகளையும் ஒப்பிட்டு நோக்கின், பெரும்பாலான பாடங்கள் நூலுக்கு முன்பே வகுப்பில் நிகழ்ந்துவிட்டன என்பது தெளிவு. கைப்படியும் ஆசிரியர் வாய்மொழியுமே அன்று பாடநூலாக இருந்திருத்தல் வேண்டும்.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். மொழிபெயர்ப்பிற் கிறீனுக்குத் துணைநின்ற சப்மன், டன்போர்த் முதலியோர் அவரிடமே மருத்துவம் பயின்றவர்கள். அவர்கள் மொழிபெயர்க்க, அவர் மேற்பார்த்துத் திருத்துவார். நூலைக் கற்றவர், ஆக்கியவர், ஆண்டவர் ஆகிய மூவரும் ஒரே சிறு வட்டத்தினர். ஒரு சொல் மாணவனுக்கு விளங்கவில்லையெனின் அது மறுநாளே ஆசிரியருக்குத் தெரியவரும். நோயாளியின் படுக்கையருகே அச்சொல் உதவவில்லையெனின் அதுவும் தெரியவரும். கைப்படியில் ஒரு சொல்லை அடித்து வேறொன்றை எழுதுதற்கு மைச்செலவு மட்டுமே. பேர்சிவலின் பெருநூலுக்குக் கிட்டாத வாய்ப்பு இதுவேயாகும்.

கலைச்சொல் ஆக்கத்திற் கிறீன் வகுத்துக்கொண்ட நெறியும் இத்தகையதே. முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லைத் தேடுதல், கிடையாவிடிற் சமஸ்கிருதத்தை நாடுதல், அதுவும் வாயாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இயைத்து எழுதுதல் என்பது அவர் கொண்ட வரிசை. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைத் தந்த யாழ்ப்பாணத்தில் முதற்படியிலேயே பல சொற்கள் கிடைத்தன. 'இரண வைத்தியம்' என்பதற்கு எவருக்கும் விளக்கம் வேண்டியிருந்திராது. 'கெமிஸ்தம்' என்பது மூன்றாம் படியின் விளைவு. தனித்தமிழ் ஆர்வலர் இச்சொல்லை எள்ளுதல் உண்டு. ஆயின் இல்லாத சொல்லுக்காகப் பாடத்தை நிறுத்திவைக்காது, கைக்குக் கிட்டியதைக் கொண்டு நடத்திச் சென்ற ஆசிரியனின் அவசரம் அதிற் புலப்படுகின்றது. அந்த அவசரமின்றேல் வகுப்பே நடைபெற்றிராது.

ஆனாற் கிறீனின் சிறு வட்டத்திற்கும் ஒரு குறை இருந்தது. அருகிருந்த மாணவர், ஆசிரியருக்கு எளிதிற் கிட்டிய பயனாளர். அவர்கள் படித்தவர், மிஷன் பாடசாலைகளின் வழிவந்தவர். 'சுகரணம்', 'உற்பாலனம்' போன்ற சொற்கள் அவர்களுக்கு ஓரிரு வாரத்தில் நாப்பழக்கமாயிருக்கும். வகுப்பில் எழுந்த சோதனையில் அவை தேறியிருக்கும். வகுப்பிற்கு வெளியே அவை வேரூன்றவில்லை. இலங்கையில் 'உடற்றொழிலியல்' என்றும் தமிழகத்தில் 'உடலியங்கியல்' என்றும் இன்று வழங்கும் துறைக்குச் 'சுகரணம்' என ஒரு பெயர் இருந்தது என்பதை ஆய்வாளரன்றிப் பிறர் அறியார். சுகாதாரத்தைக் குறித்த 'உற்பாலனம்' அதனினும் விரைவாக மறைந்தது. 'கெமிஸ்தம்' போய் 'இரசாயனவியல்', 'வேதியியல்' என்பன வந்தன. ஐவரைக் கேட்பதால் அந்த ஐவர் இடறும் இடங்கள் தெரியும். அவர்கள் இடறாது பிறர் இடறும் இடங்கள் தெரியா.

இச்சொற்கள் வழக்கொழிந்தமைக்குச் சொல்லமைப்பை மட்டும் காரணமாக்குதல் நேர்மையாகாது. 1870இல் கொழும்பில் அரசாங்கம் நிறுவிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. பதவியும் ஊதியமும் அப்பக்கம் இருந்தன. மாணவன் ஏற்றான், நோயாளியும் ஓரளவு ஏற்றான் எனக் கொண்டாலும், அரசு என்னும் மூன்றாம் தரப்பை மானிப்பாய் வகுப்பு எவ்விதத்திலும் தன்பக்கம் ஈர்க்க இயலவில்லை. ஒரு பொருளைக் கையாள்பவன் வேறு, அது நிலைக்குமா என்று தீர்மானிப்பவன் வேறு. இன்றைய மென்பொருட் குழுக்களும் இவ்விருவரையும் அடிக்கடி மயங்கிக்கொள்கின்றன.

1873இல் உடல்நலங் குன்றிக் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். பணியை மட்டும் விடவில்லை. வூஸ்ரரில் இருந்தவாறே கைப்படிகளைத் திருத்தினார். மொழிபெயர்ப்பாளர் மானிப்பாயிலும் திருத்துபவர் அட்லாண்டிக்கிற்கு அப்பாலுமாகத் தாள்கள் கப்பலேறிச் சென்று மீண்டன. 1875ஆம் ஆண்டின் 'கெமிஸ்தமும்' 1883ஆம் ஆண்டின் 'மனுஷ சுகரணமும்' இந்நிலையில் வெளிவந்தவையே. முன்னர் மறுநாட் காலையில் மாணவனின் முகத்திற் கண்ட விடை, இப்பொழுது கடிதமாகிக் கடல் கடந்து வரவேண்டியதாயிற்று. அவரது விடாமுயற்சியை இது காட்டுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவருடைய முறையின் உயிர்நாடி இங்கு அறுந்துவிட்டது எனக் கருதவும் இடமுண்டு. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய நூலின் தமிழாக்கமே அவர் இறுதியாக ஈடுபட்டிருந்த பணிகளுள் ஒன்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியபோது போதனாமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. அங்கு பயிலும் மாணவன் நூலில் ஆங்கிலப் பெயரோடு கற்ற நோயைப் பற்றி, விடுதியில் நோயாளியிடம் தமிழில் வினவுகின்றான். எச்சொல்லை நோயாளி விளங்கிக்கொண்டார், எதனைக் கேட்டு வெறுமனே தலையசைத்தார் என்பதை அவன் தானே கண்டறிந்து, தன் குறிப்பேட்டிலோ நினைவிலோ திருத்திக்கொள்கின்றான். மானிப்பாயில் கிறீன் பெயரால் அமைந்த வைத்தியசாலை அப்பல்கலைக்கழகத்திலிருந்து சில மைல் தொலைவிலேயே உள்ளது.