ஐவரி கோஸ்ட் உள்நாட்டுப் போர்

மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில் 2002 செப்டம்பர் 19 அன்று தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சி. புவாக்கே, கோரோகோ நகரங்களைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்ததும் நாடு வடக்கு, தெற்கு என இரண்டானது.

அறுபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாடு இது. ஆனாலும் 1960-இல் விடுதலை பெற்றது முதல் அதிபர் உஃபுவே-புவான்யி இறந்த 1993 வரை இங்கே உள்நாட்டுப் போர் மூளவில்லை. பன்மை மிகுந்தால் போர் வரும் என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. அரசியல் அறிஞர்கள் ஜேம்ஸ் ஃபியரனும் டேவிட் லைட்டினும் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வருமான ஏற்றத்தாழ்வையும் அவர்கள் பெரிய காரணமாகக் கொள்ளவில்லை. அவர்கள் அளந்தது தனிமனிதர்களுக்கு இடையிலான இடைவெளியை. பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் ஸ்டீவர்ட்டோ குழுக்களுக்கு இடையிலான இடைவெளியைப் பார்க்கச் சொன்னார். ஐவரி கோஸ்ட்டுக்குப் பொருந்துவது இவர் பார்வைதான்.

கோகோ விளைவது தெற்கின் காட்டு நிலத்தில். அதில் உழைக்க வடக்கிலிருந்தும் புர்க்கினா ஃபாசோ, மாலியிலிருந்தும் மக்கள் வந்தார்கள். உழுதவருக்கே நிலம் என்றார் உஃபுவே-புவான்யி. பின்னர் உலகச் சந்தையில் கோகோ விலை சரிந்தது. 1989-இல் விவசாயிக்குத் தரும் கோகோ விலையை அரசு பாதியாகக் குறைத்தது. இந்த நெருக்கடிச் சூழலில் அடுத்த அதிபர் பேடியே 'ஐவாரிட்டே' என்ற மண்ணின் மைந்தர் கொள்கையைக் கையிலெடுத்தார். 1998 ஊரக நிலச் சட்டம் வெளிநாட்டவருக்கு நில உரிமையை மறுத்தது. தாய், தந்தை இருவருமே பிறப்பாலேயே ஐவரி கோஸ்ட் குடிகளாக இருந்தால்தான் அதிபர் தேர்தலில் நிற்கலாம் என்றது 2000 அரசியலமைப்பு. இதனால் வடக்கின் தலைவர் அலாசான் உவத்தாராவால் போட்டியிட முடியவில்லை.

அவமதிப்பு அன்றாடமானது சாலைச் சோதனைச் சாவடிகளில். உவத்தாரா, குலிபாலி, திராவோரே போன்ற வடக்கத்திப் பெயர் அடையாள அட்டையில் இருந்தால், சொந்த நாட்டுக் குடிமகனையே வந்தேறி என்றார்கள் போலீசார். அட்டையைக் கிழித்தெறிந்ததும் உண்டு. கிளர்ச்சியைத் தொடங்கிய சிப்பாய்களுக்குப் படையிலிருந்து நீக்கப்படும் கோபமும் இருந்தது. ஆனால் கிளர்ச்சிக்கு வடக்கில் ஆதரவு திரண்டதற்கு இந்த அட்டைகளே முக்கியக் காரணம்.

அரசும் கிளர்ச்சியாளர்களும் 2007 மார்ச்சில் கையெழுத்திட்ட வாகடூகு அமைதி ஒப்பந்தத்திலும் மையப் பொருள் அடையாளச் சான்றுகள்தான். ஊர் ஊராகச் சென்ற நடமாடும் நீதிமன்றங்கள் பிறப்புப் பதிவில்லாதவர்களுக்குச் சான்று வழங்கின. இம்முறை போட்டியிட அனுமதிக்கப்பட்ட உவத்தாரா 2010 தேர்தலில் வென்றார். அதிபர் பாக்போ பதவி விலக மறுத்ததால் மீண்டும் மூண்ட சண்டையில் சுமார் 3,000 பேர் மாண்டனர்.

பெற்றோரில் ஒருவர் ஐவரி கோஸ்ட் குடியாக இருந்தாலே போதும் என்று 2016 அரசியலமைப்பு திருத்தியது. வெளிநாட்டவருக்கு ஊரக நிலம் சொந்தமாகாது என்ற விதியில் மட்டும் மாற்றமில்லை.