எண்ணில் அகப்படாத ஆட்டக்காரர்: அமெரிக்க டிராஃப்ட் முறையும் கொழும்புக் கழகங்களும்

பாடசாலை அணியில் ஆடி முடித்த ஒருவனைப் பெரிய கழகமொன்று எப்படிக் கண்டெடுக்கிறது? கொழும்பில் இதற்கு எழுதப்பட்ட விதி நெடுங்காலம் இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்தில் 1936 முதல் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை. அமெரிக்காவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. புள்ளிக்கணக்கில் பெயரே வராத ஆட்டக்காரனுக்குப் பெரும் மதிப்பு வந்து சேர்ந்த வரலாறு அங்கேதான் தெளிவாகக் கிடைக்கிறது.

1936 பெப்ரவரி 8ஆம் திகதி பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் ஒன்பது அணிகளின் உரிமையாளர்கள் கூடினார்கள். பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் வீரர்களின் பெயர்கள் முன்னால் இருந்தன. கடந்த பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. இதுவே டிராஃப்ட். யோசனையைச் சொன்னவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பேர்ட் பெல். கடைசியாக வந்ததும் அவருடைய அணிதான் என்பதை மறந்துவிட்டு அவரது பெருந்தன்மையைப் புகழ்வோர் இன்றும் உண்டு. முதலாவதாகத் தெரிவான ஜே பெர்வாங்கர் தொழில்முறையில் ஆடவே இல்லை. ஆறாவதாக சிக்காகோ பெயார்ஸ் எடுத்த ஜோ ஸ்டைடஹார் என்ற 'டேக்கிள்' பின்னாளில் புகழரங்கில் இடம்பெற்றார்.

டேக்கிள் என்பவரை நம்மவர்க்கு விளக்க றக்பியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஹெவ்லொக் பூங்காவில் ஸ்க்ரம் பார்த்தவர்களுக்கு முன்வரிசையின் 'ப்ரொப்' தெரியும். கழுத்தும் தோளும் அவனுடையவை, கைதட்டல் ஓரத்தில் ஓடுபவனுக்கு. அமெரிக்க டேக்கிள் அவனுக்கு அண்ணன் முறை. பந்தைத் தொடுவது அபூர்வம். பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனை இரண்டு மூன்று விநாடி தடுத்து நிறுத்துவதே வேலை. முதல் அடியைப் பின்னோக்கி வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, கையை நீட்டி, எதிராளி சுற்றிக்கொண்டு போகும் பாதையை அடைக்கிறார். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. நடக்காததற்குப் புள்ளி கிடையாது.

1978இல் விதி மாறியது. தடுப்பவர் கையை நீட்டலாம், உள்ளங்கையை விரிக்கலாம் என்றானதும் பந்தை எறிந்து ஆடும் பாணி பெருகியது, அதோடு எறிபவனுக்கான ஆபத்தும் வளர்ந்தது. 1985 நவம்பர் 18ஆம் திகதி இரவு, நியூயோர்க் அணியின் லோரன்ஸ் டெய்லர் பாய்ந்ததில் வொஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மன் கால் முறிந்தது. அவர் மீண்டும் ஆடவில்லை. வழக்கமாக இடப்பக்கம் காவல் நிற்கும் ஜோ ஜேக்கபி அன்று களத்தில் இல்லை. அந்த ஜேக்கபியை 1981 டிராஃப்டில் பன்னிரண்டு சுற்று ஓடியும் ஒருவரும் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓட்டமோ புள்ளியோ காட்ட முடியாதவனைப் பார்க்கும் கண் அப்போது அணிகளிடம் குறைவாக இருந்தது.

அந்தக் குறையை அளவுநாடாவால் நிரப்பினார்கள். 1987இலிருந்து இண்டியானாபொலிஸில் நடக்கும் சோதனை முகாமில் கையின் நீளம், உள்ளங்கை அகலம், நாற்பது யார் ஓட்டம் எல்லாம் அளக்கப்படுகின்றன. நாடாவும் ஏமாற்றும். 1989இல் இரண்டாவதாகத் தெரிவான டோனி மண்டரிச் எதிர்பார்ப்பில் பாதியும் தேறவில்லை. அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்ட பெரி சாண்டர்ஸ், டெரிக் தோமஸ், டியோன் சாண்டர்ஸ் மூவரும் புகழரங்கு போனார்கள். ஆனாலும் டேக்கிளின் மதிப்பு இறங்கவில்லை. 1968இல் ரொன் யாரி, 1997இல் ஒர்லாண்டோ பேஸ், 2008இல் ஜேக் லோங், 2013இல் எரிக் ஃபிஷர் என நால்வர் முதலாவது தெரிவாகவே போனார்கள். 2018இல் சிட்னியின் றக்பி லீக் இளைஞர் ஜோர்டன் மைலாட்டா, ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் ஆடாமல், 233ஆவதாக ஈகிள்ஸ் அணிக்குத் தெரிவாகி அதன் இடப்பக்க டேக்கிளாக நிலைத்தார்.

இனிக் கொழும்பு. கழகங்கள் இங்கே சமூகப் பெயர்களோடு பிறந்தன: சிங்கள விளையாட்டுக் கழகம், பேர்கர், மூர், மலே கழகங்கள், 1899இல் தமிழ் யூனியன். பாடசாலையை விட்டவன் எந்தக் கழகத்துக்குப் போவான் என்பதைப் பெரும்பாலும் வீடும் பழைய மாணவர் வட்டமும் தீர்மானித்தன. வெஸ்லி கல்லூரி மாணவர் மகாதேவன் சதாசிவம் தமிழ் யூனியனுக்குத் தலைமை தாங்கியது அந்த ஒழுங்கில்தான். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். மறுஆண்டு பிரட்மனின் அணி கொழும்பு ஓவலில் ஒருநாள் தங்கி ஆடியபோது இலங்கையின் தலைவர் அவரே. அந்த மைதானம் இன்று பி. சரவணமுத்து பெயரில் இருக்கிறது. 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கையின் முதல் டெஸ்ட் தொடங்கியதும் அங்கேதான். அன்று 54 ஓட்டங்கள் எடுத்து நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை அடித்த அர்ஜுன ரணதுங்கவுக்கு வயது 18; ஆனந்தா கல்லூரி மாணவர்.

வட்டத்துக்கு வெளியே இருந்தவனுக்கு உதவியது பத்திரிகை. பாடசாலை ஆட்ட முடிவுகளைப் பத்திரிகைகள் சுருக்கி அச்சிடும்போது குறிப்பிடத்தக்க ஓட்டங்களும் விக்கெட்டுகளும் எடுத்தவர் பெயரே வரும். பருவத்தில் ஆயிரம் ஓட்டம், நூறு விக்கெட் என்பவை அறிமுகக் கடிதம் போல் ஆயின. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சுனில் பெர்னாண்டோவிடம் பயின்று, 14 வயதில் மிதவேகத்தை விட்டுச் சுழலுக்கு மாறிய முத்தையா முரளிதரன் அந்தக் கடிதத்தோடு வந்தவர். 1991இல் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரரானார், தமிழ் யூனியனில் சேர்ந்தார். அவ்வாண்டு இங்கிலாந்து சென்ற இலங்கை 'ஏ' அணிக்காக ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. அமெரிக்க முறையில் இவ்வளவு போதும், பட்டியலில் பெயர் கீழே சரிந்துவிடும். இங்கே பயிற்சி ஆட்டமொன்றில் அவுஸ்திரேலியரைத் திணறடித்ததும் 1992 ஓகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமவில் டெஸ்ட் தொப்பி கிடைத்தது. மிச்சம் 800 விக்கெட்.

எண் கைகொடுக்காதவர்கள் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. விக்கெட் காப்பாளரை எடுங்கள். சுருக்க முடிவுகளில் அவர் பிடித்த பந்துகளுக்கு இடமில்லை. கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியின் ரஞ்சித் பெர்னாண்டோ 1975 உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கு விக்கெட் காத்தவர், தொடக்கத் துடுப்பாட்டக்காரரும் அவரே. காப்பாளர் துடுப்பாட்டத்தாலும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அமெரிக்க டேக்கிளிடம் ஒருவரும் வைப்பதில்லை. றக்பி ப்ரொப்களின் நிலை இன்னும் பரிதாபம். அவர்களைக் கண்டெடுத்தது பயிற்றுநர்களின் வாய்ச்சொல்தான்.

1990களில் சமூகக் கோடுகள் தளர்ந்தன. பம்பலப்பிட்டி புனித பேதுரு கல்லூரியின் ரசல் ஆர்னல்ட் நொன்டிஸ்கிரிப்ட்ஸ் கழகத்துக்குப் போனார். காலி மஹிந்த கல்லூரியின் உபுல் சந்தன தமிழ் யூனியனுக்கு ஆடினார். அந்தத் தளர்வு வடக்குக்கு எட்டவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவானுக்கும் இடையிலான 'வடக்கின் போர்' போரால் சில ஆண்டுகள் நின்றது. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி 2002இல் திறந்து 2006இல் மீண்டும் மூடியது. ஆட்டமே நின்றுபோகும் ஊரிலிருந்து எண் எப்படி வெளியே வரும்?

2020 ஒக்டோபர் 19ஆம் திகதி லங்கா பிரீமியர் லீக் இணையவழி டிராஃப்ட் ஒன்றை நடத்தியது. யாழ்ப்பாண அணியில் விஜயகாந்த் வியாஸ்காந்த் இருந்தார், மத்திய கல்லூரிச் சுழல் வீரர். டிசம்பர் 4ஆம் திகதி, பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், ஹம்பாந்தோட்டையில் அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தினார். வடக்கின் பெயரில் அணி இல்லாதிருந்தால் அந்த ஆண்டில் அவர் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

2023இல் லீக் டிராஃப்டைக் கைவிட்டு ஏலத்துக்கு மாறியது. பெல் வகுத்த வரிசையில் பலவீனமான அணிக்கு முன்னுரிமை உண்டு. ஏலத்தில் கூடிய தொகை சொன்னவருக்கே வீரர். வியாஸ்காந்தோ 2024 ஐபிஎல்லில் காயமடைந்த வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக, டிராஃப்டும் ஏலமும் இல்லாமல், சன்ரைசர்ஸ் அணிக்குள் வந்தார்.