இரண்டாம் முறை கேட்கப்படாத கேள்வி

இராசபாளையம், சோழபுரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு ஆகஸ்ட் 15 இரட்டைத் திருநாள். அன்னை மரியாளின் விண்ணேற்பு விழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒன்றாய் வருகின்றன. அந்நாளுக்கு வேறு இரு நினைவுகளும் உண்டு. முத்துக்குளித்துறையில் மறை போதித்த புனித சவேரியார் 1549இல் அந்நாளில்தான் ஜப்பானில் கரையிறங்கினார். 1945இல் அதே நாளில்தான் ஜப்பானியப் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தார்.

சவேரியார் விதைத்த விசுவாசத்தை, வேதகலாபனை நிகழ்ந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்களின்றியே மறைவாகக் காத்தவர்கள் நாகசாகியின் உராக்காமி பகுதி மக்கள். 1945 ஆகஸ்ட் 9 முற்பகல் 11.02 மணிக்கு அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் அணுகுண்டு வெடித்தது. சுமார் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்கள் இருவரும் அங்கேயே மடிந்தனர்.

இக்குண்டை வீச யார், எப்போது முடிவு செய்தார்கள்? ஜூலை 25ஆம் நாள் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸுக்கு விடுக்கப்பட்ட ஆணை, ஹிரோஷிமா, கோக்குரா, நிகாட்டா, நாகசாகி என நான்கு நகரங்களைக் குறித்தது. முதற்குண்டுக்குப் பின் மற்றவற்றை ஆயத்தமானவுடன் வீசலாம் என்றது. எனவே ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா அழிந்த பிறகு, இரண்டாம் குண்டுக்கெனத் தனியே ஒரு முடிவு தேவைப்படவில்லை. 11ஆம் நாளுக்குத் திட்டமிட்டதை, வானிலை கெடும் என்று 9ஆம் நாளுக்கு மாற்றினர். முதல் இலக்கான கோக்குராவை மேகமும் புகையும் மறைத்தமையால், மும்முறை முயன்ற விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. மறுநாள்தான், தம் வெளிப்படையான அனுமதியின்றி இனி ஒரு குண்டும் வீசலாகாது என அதிபர் ட்ரூமன் தடுத்தார்.

மறுபக்கத்தையும் நாம் நேர்மையோடு நோக்கவேண்டும். சயாம்–பர்மா இரயில்பாதையின் 415 கிலோமீட்டர் நெடுகிலும், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் மடிந்தனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்த பின்னும், எஞ்சியோருள் பலர் போர் முடியும்வரை முகாம்களிலேயே உழன்றனர். போர் ஒரு நாள் முந்தி முடிந்தாலும் அவர்களுக்கு அது உயிர்ப்பிச்சை. குண்டுதான் எங்களை மீட்டது என்று அவர்களுள் ஒருவர் சொன்னால், அவரைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய கண்ணீர் உராக்காமியின் குழந்தைகளைக் கொல்லும் உரிமையை எவருக்கும் வழங்கிவிடாது. மேலும், 9ஆம் நாள் அதிகாலையிலேயே சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் புகுந்திருந்தன. ஜப்பானின் உயர் போர்க்குழு கூடி விவாதித்துக்கொண்டிருந்தபோதுதான் நாகசாகிச் செய்தி அவர்களுக்கு எட்டியது. மூன்று நாள் பொறுத்து, மீண்டும் ஒருமுறை சிந்தித்திருக்கக் கூடாதா?

நகரங்களை அவற்றின் மக்களோடு அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தீர்ப்பளித்தது. நம் நாடும் 1974இலும் 1998இலும் பொக்ரானில் சோதனைகள் நடத்தியுள்ள நிலையில், இது அயலாரின் வழக்கன்று. கொடுமைகள் எப்போதும் கொடிய நெஞ்சத்திலிருந்தே புறப்படுவதில்லை. ஒருமுறை அளித்த ஒப்புதலை மறுமுறை எண்ணிப்பாராத சோம்பலிலிருந்தும் புறப்படுகின்றன. இவ்வாண்டு விண்ணேற்பு விழாவுக்கு நாம் பாவசங்கீர்த்தனம் செய்யச் செல்கையில், உராக்காமியில் அதற்காகவே காத்திருந்தோரையும் நினைந்து செபிப்போமாக.