வசவுக்கு வருத்தம், படுகொலைக்கு மௌனம்: 1971 ஒலிநாடாக்கள் சொல்லும் பாடம்

நான்கு சுவருக்குள் ஓர் அரசியல்வாதி பேசியது வெளியே கசிந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். முதலில் "அது என் குரலே இல்லை" என்பார். பிறகு "தனிப்பட்ட உரையாடல், திரித்துவிட்டார்கள்" என்பார். கடைசியில் "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பார். அத்தோடு விவகாரம் முடிந்துவிடும். நம் ஊரில் பார்க்கிற இந்த நாடகம் நாடுகளுக்கு இடையிலும் நடக்கிறது. இளம் தோழர்கள் இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை உதவும்.

அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1971 பிப்ரவரியில் தன் அலுவலகத்தில் ரகசிய ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தச் செய்தார். இப்படியோர் ஏற்பாடு இருப்பதே 1973 ஜூலையில், வாட்டர்கேட் விசாரணையில்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்த நாடாக்கள் பின்னர் பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியாயின.

2005 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட ஒரு தொகுப்பில் 1971 நவம்பர் 5ஆம் தேதி உரையாடல் இருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் இந்திரா காந்தி நிக்சனை வாஷிங்டனில் சந்தித்திருந்தார். மறுநாள் காலை நிக்சன் அவரைச் சூனியக்காரக் கிழவி என்கிறார். பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சர் இந்தியர்கள் அனைவரையும் அச்சிலேற்ற முடியாத சொல்லால் ஏசுகிறார்.

இந்தியாவில் கொந்தளிப்பு எழுந்தது. அப்போது ஆட்சியில் இருந்த காங்கிரஸ் கண்டித்தது. கிசிஞ்சர் இந்தியத் தொலைக்காட்சி ஒன்றிடம் வருத்தம் தெரிவித்தார். பனிப்போர்க் காலத்துச் சூட்டில் பேசியது, இந்திரா மீது தனக்கு மதிப்பு உண்டு என்றார். அடுத்த மாதம், ஜூலை 18 அன்று, பிரதமர் மன்மோகன் சிங்கும் அதிபர் புஷ்ஷும் வாஷிங்டனில் அணுசக்தி ஒத்துழைப்பை அறிவித்தார்கள். இரு நாட்டு உறவில் கீறல்கூட விழவில்லை.

நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. அந்த வசவுகள் பேசப்பட்ட மாதங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் கிழக்கு பாகிஸ்தானில் வேட்டையைத் தொடங்கியது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் நடப்பதைத் தந்தி தந்தியாக எழுதினார். இந்துக்கள் குறிவைத்துக் கொல்லப்படுவதையும் தெரிவித்தார். ஏப்ரல் 6 அன்று, தம் அரசின் கொள்கையை எதிர்த்து அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட தந்தியைத் தன் ஆதரவோடு அனுப்பிவைத்தார். விளைவு, பிளட் டாக்காவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். கொலைகள் தொடர்ந்தன. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள்.

நிக்சனுக்கு அப்போது சீனாவோடு உறவு தேவைப்பட்டது. பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான்தான் அதற்குத் தூது. ஜூலையில் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாகத்தான் ரகசியமாகப் பீஜிங் போனார். ஆகவே வெறுப்பு மட்டுமே இந்தக் கொள்கையை உருவாக்கியது என்று நான் சொல்லவில்லை. ராஜதந்திரக் கணக்கு ஒன்று இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு கோடி மனிதர்களை எப்படி ஒன்றுமில்லாதவர்களாக வைக்க முடிந்தது என்பதைத்தான் ஒலிநாடாக்கள் காட்டுகின்றன. ஒரு மக்களை மனிதராகவே மதிக்காதவருக்கு அவர்கள் சாவு செய்தியாகக்கூடப் படாது.

அந்த ஒரு கோடியில் யார் யார் இருந்தார்கள்? பெரும்பான்மையினர் இந்துக்கள். பிரிவினையின்போதும் அதன் பிறகும் நிலமும் பதவியும் வைத்திருந்த சாதி இந்துக்களில் பலர் முன்னதாகவே கல்கத்தாவுக்குப் போய்விட்டார்கள். குல்னா, பாரிசால், ஃபரீத்பூர் பகுதிகளில் எஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் நாமசூத்திர உழவர்களும் மீனவர்களும். நம் வரலாற்றில் இவர்களுக்கு ஓர் இடம் உண்டு. 1946இல் பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக வழியின்றி நின்ற அண்ணல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் இவர்களுடைய தலைவர் ஜோகேந்திரநாத் மண்டலும் தோழர்களும்தான். பாரிசாலைச் சேர்ந்த மண்டல், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். தம் மக்கள்மீது நடந்த வன்முறையைத் தடுக்க முடியாமல் 1950இல் பதவி விலகி இந்தியா வந்தார். மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

1971 மே 20 அன்று குல்னா மாவட்டத்தின் சுக்நகரில், எல்லையைக் கடக்கத் திரண்டிருந்தவர்களைப் பாகிஸ்தான் ராணுவம் சுட்டுத் தள்ளியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் மாண்டதாகக் கருதப்படுகிறது. 2005இல் எழுந்த கூச்சலில் இந்திராவின் மானம் இருந்தது, இந்தியாவின் மானம் இருந்தது. சுக்நகர் இல்லை. கிசிஞ்சரும் சொல்லுக்குத்தான் வருந்தினார். 2023இல் நூறு வயதில் இறக்கும்வரை அந்தக் கொள்கைக்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

அதே ஆண்டில் பதிவான இன்னொரு நாடாவும் உண்டு. 1971 அக்டோபரில் ஐ.நா. சபை மக்கள் சீனத்தை ஏற்று, தைவானை வெளியேற்றியது. தான்சானியப் பிரதிநிதிகள் மகிழ்ச்சியில் ஆடினார்கள். மறுநாள் கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் நிக்சனுக்குத் தொலைபேசியில் பேசும்போது, ஆப்பிரிக்கர்களைச் செருப்புப் போட்டுப் பழகாத குரங்குகள் என்றார். நிக்சன் சிரித்தார். இந்த உரையாடல் 2000இல் வெளியானபோது, ரீகனின் தனியுரிமையைக் காரணம் காட்டி அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். முழுமையாக வெளிவந்தது 2019இல். அவர் இறந்தே 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் அவர் எட்டாண்டுகள் அதிபராக இருந்தார். 1986இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான தடைச் சட்டத்தைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். நாடாளுமன்றம் அதை மீறித்தான் சட்டத்தை நிறைவேற்றியது. 1971இல் பேசிய வாய்க்கும் 1986இல் கையெழுத்திட்ட கைக்கும் தொடர்பில்லை என்று நம்ப நான் தயாரில்லை.

2018 ஜனவரியில் டிரம்ப் ஹைத்தியையும் ஆப்பிரிக்க நாடுகளையும் மலக்குழியோடு ஒப்பிட்டதாகச் செய்தி கசிந்தது. அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். போட்ஸ்வானா அமெரிக்கத் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது. ஐ.நா.வில் உள்ள 54 ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் மன்னிப்புக் கோரினார்கள். அந்தப் பேச்சு நடந்தது வீண் அரட்டையில் அல்ல. எந்த நாட்டவரை அமெரிக்காவுக்குள் அனுமதிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில்.

தோழர்களே, அடுத்த முறை ஓர் ஆடியோ வெளியாகி, அதைப் பேசியவர் வருத்தம் தெரிவித்ததும் வெற்றி என்று கலைந்துவிடாதீர்கள். வருத்தம் அவருக்கு மலிவான செலவு. அவர் பதவியில் இருந்த காலத்தில் யாருக்குப் பட்டா மறுக்கப்பட்டது, எந்த வன்கொடுமை வழக்கு முடக்கப்பட்டது, எந்தச் சேரிக்குத் தண்ணீர் போகவில்லை என்று தேடி எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அந்தச் சொல் எந்தக் கோப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் வேலையை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.

ஜெய்பீம்.