விலக்குச் சீட்டு

1960-களில் புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பிப்போன தோழன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். தேகப்பயிற்சி வேளை வந்தால் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். வருஷத் தொடக்கத்திலேயே டாக்டர் சீட்டு கொடுத்துவிடுவார். அதில் முக்கியமான சொல் ஒன்றுதான்: 'திஸ்பான்சே'. விலக்கு பெற்றவன் என்று பொருள். எங்கள் செருப்புக்கும் சட்டைக்கும் அவன்தான் காவல். பந்து அந்தப் பக்கம் உருண்டு போனால் உட்கார்ந்தபடியே திருப்பி எறிவான், குறி தப்பாது. அந்தக் கைக்கு ஏதாவது பயிற்சி கொடுக்கலாமே என்று எங்கள் முசேவுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1870-ல் மூண்ட போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், 1880 ஜனவரி 27-ஆம் தேதிச் சட்டத்தின் மூலம் ஆண்பிள்ளைகளின் அரசுப் பள்ளிகளில் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நாளைய சிப்பாயைத் தயார் செய்வதும் அதன் நோக்கம். சிப்பாய் ஆக முடியாத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? விலக்கு கொடுத்து உட்கார வைத்தார்கள். இரக்கம் என்றுதான் நினைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு, இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுத்விக் குட்மன் விளையாட்டையே வைத்தியமாக்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்து 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். போரில் அடிபட்டவருக்குக் கிடைத்த அந்த நியாயம் பிரான்சின் பள்ளிப் பிள்ளைகளுக்கான சட்டத்தில் ஏற மேலும் 40 வருஷம் ஆயிற்று.

1988 அக்டோபர் 11-ஆம் தேதி அரசாணை வந்தது. அதன்படி, சும்மா 'விலக்கு' என்று எழுதினால் போதாது. இயலாமை முழுமையானதா, ஒரு பகுதி மட்டுமா என்று டாக்டர் சொல்ல வேண்டும். ஒரு பகுதிதான் என்றால், அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றிக்கொள்ள ஆசிரியருக்குக் குறிப்புத் தரலாம். சீட்டு அந்தக் கல்வியாண்டுக்கு மேல் செல்லாது.

குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் நான். படிவம் மாறினால் நடப்பு மறுநாளே மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிவத்தில் கட்டம் இல்லாத விஷயம் அலுவலகத்தின் கண்ணில் படவே படாது.

தோழன் இன்று இல்லை. 'எறிதல்: முடியும்' என்று அவன் சீட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம். மரத்தடியிலிருந்து மைதானம் முப்பது அடிதான்.