வளரிளம் பருவத்தில் ஏடிஎச்டி

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. உலக அளவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. இதில் மரபுவழிக்குப் பெரும்பங்கு உண்டு. பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில், தனக்கும் இது இருப்பதை அறிந்துகொள்ளும் அப்பாவோ அம்மாவோ உண்டு. வளர்ப்புக் குறையால் வருவதன்று.

வகுப்பில் நிலைகொள்ளாமல் திரியும் பையன் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடுவான். சத்தமில்லாமல் உட்கார்ந்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கும் மாணவியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்திருப்பாள். காலையில் நோட்டை மேசையிலேயே விட்டுப் போயிருப்பாள். கணக்கின் வழிமுறை சரியாக இருக்கும், கழித்தல் குறியைக் கூட்டலாகப் படித்திருப்பாள். அவளே படம் வரைய உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறப்பாள். ‘மனசு வெச்சா முடியுது, படிக்கத்தான் சோம்பல்’ என்று வீட்டில் சொல்வது இதனால்தான். அந்தப் பேச்சு அநியாயமானது. கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாததே அவளது சிக்கல்; வருடக்கணக்கில் திட்டு வாங்கிய பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்கின்றன.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநலக் குறைபாடுகளை வரையறுக்கும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஆகவே மனநல மருத்துவர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்பார். தூக்கக் குறைவு, காது கேளாமை, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் பார்ப்பார்.

மெத்தில்பெனிடேட், அடோமாக்செட்டின் ஆகியவை பயன்பாட்டில் உள்ள மருந்துகள். பசி குறையலாம், தூக்கம் கெடலாம் என்பதால் எடை, உயரம், ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துவர வேண்டும். மருந்தோடு பெற்றோருக்கான பயிற்சியும் ஆசிரியரின் ஒத்துழைப்பும் தேவை. முன்வரிசை இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே வேலை, சொன்னதைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது ஆகியவை செலவில்லாதவை. நன்றாகவே பலன் தருபவை.

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் அணுகலாம். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிலையங்களும் உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு அமைவது உண்டு. அப்படியானால் கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழைக் காட்டிப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கோரலாம். பத்தாம் வகுப்புக்கு வெகு முன்பே பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது.