கிளி ஓட்டிய தழலும் சேப்பாக்கத்து விசிலும்

மல்லாட்டை விதைச்ச கொல்லையில பழைய டின்னைத் தட்டிக்கிட்டே சுத்தி வர்றது சிங்கவரத்துல எங்களுக்குப் பழகின வேலை. நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதுதான் எங்களுக்கு மல்லாட்டை. தட்டலேன்னா காக்காவும் மயிலும் விதையைக் கிளறித் தின்னுடும். இந்தத் தகரச் சத்தத்துக்கும் மைதானத்துல ரசிகர்கள் போடுற சத்தத்துக்கும் ஒரு பழைய சொந்தம் இருக்கு.

கபிலரோட குறிஞ்சிப்பாட்டுல தலைவியும் தோழியும் பரண்ல இருந்து தினைக்கு வர்ற கிளியை ஓட்டுறாங்க. கையில தழல், தட்டை, குளிர்னு கருவிகள். மூங்கிலைப் பல பிளவாப் பிளந்து தட்டுறது தட்டை. கையில பிடிச்சுச் சுத்தினா ஓசை எழுப்புறது தழல்னு நச்சினார்க்கினியர் உரை சொல்லுது.

சுத்தினா சத்தம் போடுற கருவி இங்கிலாந்து வயல்லயும் இருந்துச்சு. மரத்துல பல்சக்கரம், அது மேல உரசுற ஒரு பட்டை. சுத்தினா கறகறன்னு காதைக் கிழிக்கும். காக்கா விரட்டுற பசங்க கையிலயும், ராத்திரி ரோந்துக்காரன் கையிலயும் இருந்தது. முதல் உலகப் போர்ல பதுங்குகுழிக்கு விஷவாயு வந்தா இதைச் சுத்தித்தான் எச்சரிச்சாங்க. அதே கிலுக்கு அணியோட நிறத்தைப் பூசிக்கிட்டு கால்பந்து மைதானத்துக்கும் போச்சு. 1970கள்ல அடிதடி பெருகினப்போ, மண்டையை உடைக்கவும் உதவும்னு பல இடத்துல தடுத்துட்டாங்க. 2010 உலகக் கோப்பையில தென்னாப்பிரிக்காவே ஊதின வுவுசெலாவையும் அந்த வருஷமே ஐரோப்பிய கால்பந்து சங்கம் தன் போட்டிகள்ல தடை பண்ணிடுச்சு. சத்தம் போடுற கூட்டத்தைக் கண்டா நிர்வாகத்துக்கு எல்லா ஊர்லயும் கொஞ்சம் பயந்தான்.

நம்ம பக்கம் விசில். அது சினிமாக் கொட்டகையில தரை டிக்கெட்காரன் சொத்து. 'விசிலடிச்சான் குஞ்சு'ன்னு அவனைக் கேலி பண்ணின அதே தமிழ்நாட்டுல, 2008ல ஐபிஎல் தொடங்கினப்போ சென்னை அணி 'விசில் போடு'ன்னு அதையே தன் முழக்கமா எடுத்துக்கிச்சு. எனக்கு இதுல ஒரு சந்தோஷம் உண்டு.

ஆனா சேப்பாக்கம் பெரிய பேர் வாங்கினது அதுக்கு முன்னாடியே. 1999 ஜனவரி 31ல பாகிஸ்தான் 12 ரன்ல ஜெயிச்சப்போ கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அதுக்குக் கருவியே தேவைப்படல.

ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு சென்னை அணி 2018 ஏப்ரல் 10ல சேப்பாக்கத்துல ஆடுச்சு. வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம், உள்ளே மைதானத்துல செருப்பு வந்து விழுந்துச்சு. அதுக்கப்புறம் உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கு மாத்தினாங்க. ரசிகர்களைக் கூட்டிட்டுப் போக 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'னு சென்னையிலேருந்து ரயிலே விட்டாங்க. எங்க ஊருக்குக் காவிரிப் பாசனம் கிடையாது, ஏரியும் கிணறும்தான். இருந்தாலும் தண்ணிக்காகக் கத்தினவங்க பக்கம்தான் என் மனசு. செருப்பு வீசினது மட்டும் பிடிக்கல. ரயிலேறிப் போன பசங்க மேலயும் கோபம் வரல. அவங்கள்ல எத்தனை பேரு டெல்டா விவசாயி வீட்டுப் பிள்ளையோ.